கவிழ்த்து வைத்த அட்டை

எட்டாம் நம்பர் லேனில் நின்றுகொண்டு, பக்கத்தில் நின்றவருக்கான ஏழாம் நம்பர் குறி அட்டையில் சுட்டுவிட்டேன். போன வைகாசியில், மாவட்ட அளவில் புதியவர்களுக்காக நடந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் இது நடந்தது. புதுசா வர்றவங்களுக்கு இது சகஜம் என்று மாஸ்டர் சொன்னார். மாமா சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என் மகனும் சொன்னான். மூன்று பேரும் அந்தக் குண்டுக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் என்னைத் தூங்கவிடாதது, குண்டு போன பிறகு என் கை செய்த ஒரு காரியம். அதை அன்று அவர்களிடம் சொல்லவில்லை. இத்தனை மாதம் கழித்து இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் செக்கராக இருக்கிறேன். 19 வருஷ வேலை. முதல் ஏழு வருஷம் மெஷினில் உட்கார்ந்து அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், தைத்தேன், பிறகு செக்கிங் மேசைக்கு மாற்றினார்கள். துப்பாக்கியோடு எனக்கு இருந்த பழைய உறவு என்றால் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பலூன் சுட்டதுதான். அம்மா வீடு அங்கே. வைகாசி முதல் தேதி ஊரே சிரசு பார்க்க நெரிந்துகொண்டிருக்கும்போது, நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பலூன் கடைக்குப் போய்விடுவேன். கடைத் துப்பாக்கியின் குறி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பலூனுக்கு நேராகப் பிடித்தால் படாது, இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும். மூன்றாவது குண்டுக்குள் எந்தப் பக்கம் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிடுவேன். "பாப்பாவுக்குக் கண்ணு நல்லாக்கீது" என்று கடைக்காரர் ஒரு முறை அப்பாவிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருஷமாக வைத்திருக்கிறேன்.

ஆசை முதலில் மகனுக்குத்தான் வந்தது. 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். ஒன்பதாவது படிக்கிற பையன் சும்மா இருப்பானா? கம்மவான்பேட்டையில் இருக்கும் மாமாவைப் பிடித்துக்கொண்டான். மாமா என்றால் என் வீட்டுக்காரரின் சித்தப்பா, ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்மவான்பேட்டையைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். அவர்தான் விசாரித்து, ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட, துப்பாக்கி சுடப் பழகும் ஒரு ரேஞ்சில் சேர்த்துவிட்டார். மூன்று மாதக் கட்டணம் முன்னாலேயே கட்டினோம். மூன்றாவது வாரம் பையன் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டான். பாக்கிப் பணம் வீணாகிறதே என்று நான் புலம்பியபோது மாமா சொன்னார்: "நீ வாம்மா. தையக்காரி கை நிதானமான கை."

தெருவில் சிரித்தவர்களும் உண்டு. வேலூரில் விளையாட்டு என்றால் பளுதூக்குதல்தான். சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் எடுத்த பிறகு, சின்னப் பையன்கூட ஜிம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற ஊர் இது. நாற்பது தாண்டிய பொம்பளை துப்பாக்கி பழகப் போகிறாள் என்றால் பேசத்தான் செய்வார்கள். போலீஸ் லைசென்ஸ் வாங்கினியா என்று எதிர்வீட்டு அம்மா பயந்துபோய்க் கேட்டார். 4.5 மில்லிமீட்டர் குண்டு, 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மாமாவே போய் விளக்கிவிட்டு வந்தார்.

தகரக் கூரைக்குக் கீழே

முதல் இரண்டு வாரம் ஒரு குண்டுகூடக் கொடுக்கவில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். வலது கையை நீட்டித் துப்பாக்கியைத் தூக்கி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, சுவரில் எதையும் குறிபார்க்காமல் விசையை மட்டும் அழுத்திப் பழக வேண்டும். துப்பாக்கி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கேட்க லேசாக இருக்கும், நீட்டிய கையில் ஐந்தாவது நிமிஷம் அது அம்மிக்கல். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பழகினேன். சாதம் வடிக்கிற நேரம், பால் பொங்குகிற நேரம், எல்லாம் அதற்குத்தான். இடது கை ஆடாமல் இருக்க அதைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்ளச் சொல்வார்கள். சுடிதாருக்கு ஏது பாக்கெட்? நானே கனமான துணியில் ஒன்று வெட்டி, வலுவாக இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். அங்கே வருகிற இரண்டு காலேஜ் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் தைத்துத் தரச் சொன்னார்கள்.

மாஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது கையை இறக்க. தூக்கி, ஏழெட்டு நொடிக்குள் விசை விழவில்லை என்றால் இறக்கிவிட வேண்டும். "போனா போவுது, கண்டிப்பா சுட்டே ஆவணும்னு யாரும் சொல்லல" என்பார். மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டில் எழுதி வைத்து வேலை வாங்குகிற இடத்திலிருந்து வந்தவளுக்கு இது விளங்கவே ஒரு மாதம் ஆயிற்று. எங்கள் லைனிலும் டார்கெட் என்றுதான் சொல்கிறோம். அந்த டார்கெட்டுக்குக் கையை நிறுத்தவே கூடாது. இந்த டார்கெட்டுக்கு நிறுத்தத் தெரிய வேண்டும்.

இரண்டாவது பாடம் கண். பத்துப் புள்ளி தருகிற நடு வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் ஒன்றை 10 மீட்டர் தள்ளி ஒட்டியது மாதிரி. அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர். இவ்வளவு சின்னதைச் சுட வேண்டுமானால் அதையே உற்றுப் பார்க்க வேண்டும் என்றுதானே தோன்றும்? பார்க்கக் கூடாது. துப்பாக்கிக் குழாயின் நுனியில் நிற்கும் குறிமுனைக்கு முன் சைட் என்று பேர், கண் அதன் நுனியில்தான் இருக்க வேண்டும். முன் சைட்டின் விளிம்பு கத்தி மாதிரித் தெரிய வேண்டும், பின் சைட்டின் பள்ளத்தில் அது இரண்டு பக்கமும் சம வெளிச்சத்தோடு உட்கார வேண்டும், தூரத்துக் கறுப்பு புகை மாதிரி மங்கிக் கிடக்க வேண்டும். மனிதக் கண் ஒரே நேரத்தில் இரண்டு தூரத்தைத் தெளிவாகப் பார்க்காது. சைட்டில் ஒரு மயிரிழை கோணினால் அட்டையில் ஒரு வட்டம், இரண்டு வட்டம் தள்ளிப் போகும். கறுப்பு மங்கியிருப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. இதை நான் மிக நன்றாகப் பழகிவிட்டேன். அதுவே பின்னால் வினையாக முடிந்தது.

மூன்றாவது பாடம், துப்பாக்கியின் வாய் எப்போதும் அட்டையின் பக்கம். குண்டு இல்லை என்று நூறு முறை பார்த்திருந்தாலும் அப்படித்தான். மேசையில் வைத்தால் குழாய்க்குள் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் நரம்பை நுழைத்து வைக்க வேண்டும், உள்ளே குண்டு இல்லை என்று மற்றவர்களுக்கு அடையாளம். சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே. ஒரு முறை யாரோ கூப்பிட்டார்கள் என்று துப்பாக்கியோடு அரைவாசி திரும்பிவிட்டேன். மாமா போட்ட சத்தத்தில் கூரைப் புறா பறந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மகன் தன் பங்குக்கு செல்போனில் பிராக்டிகல் ஷூட்டிங் வீடியோக்களைக் காட்டுவான். 1976-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கூடிப் பேசி உலக அமைப்பாக்கிய விளையாட்டாம். பீப் சத்தம் கேட்டதும் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து, தடுப்புக்குத் தடுப்பு ஓடிக்கொண்டே சுடுகிறார்கள். எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நொடியால் வகுத்துத்தான் மதிப்பெண். அவசரப்பட்டால் குறி போகும், குறியையே பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போகும். எங்கள் ஹவர்லி டார்கெட்டைத் துப்பாக்கியோடு விளையாடுகிற மாதிரி இருந்தது எனக்கு. இடையிடையே சுடக் கூடாத வெள்ளை அட்டைகளும் நிற்கும், அதில் பட்டால் 10 புள்ளி கழிப்பார்கள். "நீ சும்மா நின்னுகினு சுடுறியேம்மா" என்பான். நின்றுகொண்டு சுடுவதிலேயே சுடக் கூடாத அட்டை உண்டு என்பது அப்போது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

ஆறாவது அட்டை

போட்டி அன்று அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. வேலூர் வெயிலைப் பற்றி என்ன சொல்ல, காலை ஒன்பதுக்கே தகரம் தகித்தது. மின்விசிறி போட்டால் அட்டை ஆடும் என்று நிறுத்திவிட்டார்கள். முதலில் துப்பாக்கிச் சோதனை: விசையில் அரைக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள், அந்த எடையை அது தாங்க வேண்டும். சர்வதேசப் போட்டியில் 60 குண்டு, எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் 75 நிமிஷம். 2017 வரை பெண்களுக்கு 40 குண்டுதான் இருந்தது, பிறகு ஆண்களுக்குச் சமமாக்கினார்கள். எங்கள் புதியவர் பிரிவுக்கு 40 வைத்திருந்தார்கள். காகித அட்டை, அட்டைக்கு ஐந்து குண்டு, மொத்தம் எட்டு அட்டை. கயிற்றுச் சக்கரத்தைச் சுற்றினால் அட்டை நம்மிடம் வரும், மாற்றிவிட்டுத் திரும்ப அனுப்ப வேண்டும்.

எனக்கு எட்டாம் லேன். இடது பக்கம் ஏழாம் லேனில் பதின்மூன்று வயது இருக்கும் ஒரு சின்னப் பெண், ரெட்டைச் சடை, முழங்கை அவ்வளவு மெலிசு. அதற்கு அந்தப் பக்கம் ஆறாம் லேனில் பத்தாவது முடித்த மாதிரி ஒரு பையன். அவனுக்கும் அதுதான் முதல் போட்டி, வரிசையில் நிற்கும்போதே சொன்னான். வலது கையால் சுடுகிறவர்கள் எல்லோரும் இடது பக்கம் பார்த்துத்தான் நிற்போம். அதனால் என் கண்ணெதிரே அந்தப் பெண்ணின் சடை, அவள் கண்ணெதிரே அந்தப் பையனின் முதுகு.

முதல் ஐந்து அட்டை எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. நன்றாகப் போயிருக்க வேண்டும், நன்றாகப் போவது நினைவில் நிற்காது. ஆறாவது அட்டையில் நான்கு குண்டு முடித்தபோது நெற்றி வியர்வை வலது கண்ணுக்குள் இறங்கியது. துப்பாக்கியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடித்து, திரும்பிப் போய் நின்றேன். பாதத்தைப் பழைய இடத்தில் வைத்ததாகத்தான் நினைத்தேன். கை நீளும் திசையைப் பாதம்தான் தீர்மானிக்கிறது. லேனுக்கு லேன் ஒரு மீட்டர் இடைவெளி, 10 மீட்டர் தூரத்தில் அது ஆறு டிகிரிகூட இல்லை என்று மகன் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னான். குதிகாலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். தூக்கினேன். முன் சைட் கத்தி மாதிரி நின்றது, இரண்டு பக்கமும் வெளிச்சம் சமம். அதற்குப் பின்னால் புகை மாதிரி ஒரு கறுப்பு வட்டம். எந்தக் கறுப்பு என்று கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று நான் சுட்ட 40-ல் அதுதான் மிக நல்ல சூடு. விரல் தானாக விழுந்தது, கை அசையவில்லை. மனசுக்குள் பத்து என்றே சொல்லிக்கொண்டேன்.

சக்கரத்தைச் சுற்றி அட்டையை வாங்கினேன். நான்கு ஓட்டை.

திருப்பிப் பார்த்தேன். ஒரே ஓட்டையில் இரண்டு போயிருக்குமா என்று விரலால் தடவினேன். தோலில் ஊசி இறங்கிய தடத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிற விரல் இது. நான்குதான். அட்டைக்கே வெளியே போய்விட்டதா என்று நினைக்கும்போதே ஏழாம் லேன் பெண் கையைத் தூக்கினாள். அவள் அட்டையில் ஆறு ஓட்டை.

ரேஞ்ச் ஆபீசர் வந்தார். பார்த்தார். குரலை உயர்த்தாமல், இரண்டு பக்கமும் பார்த்து, "யாரு இதுல சுட்டது?" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. என் கையில் இருந்த நான்கு ஓட்டை அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தேன். யோசித்துச் செய்ததில்லை. வைத்த பிறகுதான் வைத்திருக்கிறேன் என்றே தெரிந்தது. ஆபீசர் ஆறாம் லேன் பையனைப் பார்த்தார். அவன் வயசுக்கும் அவன் நின்ற பதற்றத்துக்கும், யாராக இருந்தாலும் முதலில் அவனைத்தான் பார்த்திருப்பார்கள். பையன் தன் அட்டையை எட்டிப் பார்த்தான், மூன்று குண்டுதான் சுட்டிருந்தான் போல, எண்ணிப் பார்த்து உதட்டைக் கடித்தான். நான்தான் சுட்டேனோ என்று அவனே சந்தேகப்படுவது அவன் முகத்தில் தெரிந்தது. சுடாத பையன், சுட்டிருப்பேனோ என்று பயந்துகொண்டிருக்கிறான். சுட்ட நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு கையைத் தூக்கினேன். "நான்தான் சார், எட்டாம் லேன்." கவிழ்த்து வைத்ததை எடுத்து நீட்டினேன்.

மொத்தம் பத்து செகண்டுகூட இருக்காது என்கிறார், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா. தீர்ப்பும் சீக்கிரம் முடிந்தது. பக்கத்து அட்டையில் போன குண்டு எனக்குச் சைபர். குண்டுகள் எல்லாம் தட்டை முகம், அட்டையில் பஞ்ச் அடித்தது மாதிரி ஒரே அளவு வட்டம் விழும், எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அப்படிப் பிரிக்க முடியாதபோது அந்த அட்டைக்காரருக்கே சாதகமாகக் கொடுப்பார்கள். ஆறு ஓட்டையில் மிகக் குறைந்த புள்ளி 6, அதைத் தள்ளிவிட்டு மேலே உள்ள ஐந்தையும் அந்தப் பெண்ணுக்குப் போட்டார். மீதி ஐந்தில் என்னுடையது ஒரு பத்தாகவும் இருக்கலாம். "பரவால்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த அட்டையை மாட்டினாள். நானும் மாட்டினேன். மிச்சம் பத்து குண்டையும் ஒவ்வொரு தடவையும் நம்பர் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் சுட்டேன்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மகன் ராத்திரி ஒரு கதை கண்டுபிடித்து வந்தான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தார், கடைசிக் குண்டு ஒன்றுதான் பாக்கி. சுமாராகப் பட்டால்கூடத் தங்கம். இரண்டாம் லேனில் நின்றவர் மூன்றாம் லேன் டார்கெட்டில் சுட்டுவிட்டார். திரையில் எதுவும் வராததால் டார்கெட்டில்தான் கோளாறு என்று நினைத்து அதிகாரிகளைக் கூப்பிட்டார். தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்குப் போனது, எம்மன்ஸ் எட்டாம் இடம். "ஒலிம்பிக்லயே நடக்குதும்மா" என்றான் பையன். உண்மைதான். ஆனால் அந்த மனிதர் கையைத் தூக்கித் தானே அதிகாரிகளைக் கூப்பிட்டிருக்கிறார். நான் அட்டையைக் கவிழ்த்தேன்.

கவிழ்த்ததால் எனக்கு என்ன லாபம்? இதைத்தான் வாரக்கணக்காகப் போட்டு உருட்டினேன். அட்டையெல்லாம் கடைசியில் ஸ்கோர் மேசைக்குத்தான் போகும், நான்கு ஓட்டை வெளியே வந்தே தீரும். மறைக்க முடியாததைத்தான் மறைத்திருக்கிறேன். பரிசு வாங்கும் இடத்திலும் நான் இல்லை. பயமா என்றால், சைபருக்குப் பயப்பட என்ன இருக்கிறது? எத்தனை தடவை யோசித்தாலும் அந்தக் கேள்வியின் வார்த்தைகளிடமே வந்து நிற்கிறேன். யாரு இதுல சுட்டது? அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அதைக் கேட்கிறவள் நான்.

யாரு தச்சது?

தோல் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துணியில் தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை நின்றுவிடும். நூலை உருவினாலும் வரிசையாகப் புள்ளி தெரியும். அதனால் மார்க்கிங் கோட்டை விட்டுத் தையல் ஒரு மில்லிமீட்டர் ஓடினாலே அந்தத் துண்டு போச்சு. அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தால் நான் அதை உயரத் தூக்கி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "யாரு தச்சது இது?" என்பேன். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நிற்கும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மௌனம்தான் எனக்குத் தாங்காது. தப்பு எல்லோருக்கும் வரும், ஒத்துக்கொள்ள என்ன கேடு என்று வீட்டுக்கு வந்தும் பொருமியிருக்கிறேன். நேர்மை கெட்டுப்போச்சு என்று இவரிடம் பெரிய பேச்செல்லாம் பேசியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஒரே கட்டுக்குள் பதினோரு அப்பர், எல்லாவற்றிலும் ஓரத் தையல் கோட்டை விட்டு ஓடியிருந்தது. கேட்டேன். மௌனம். அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த பெண் ஒருத்தி, மெஷினில் உட்கார்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லார் கண்ணும் அவள் பக்கம் போனது, என் கண்ணும் போனது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்ததை ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றே அவளை மெஷினிலிருந்து எடுத்து மேசை வேலைக்கு, பிசிறு நூல் வெட்டுகிற வேலைக்கு, மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். மூன்று நாள் கழித்து வேறு எதற்கோ, எந்தக் கட்டை யார் தைத்தது என்று காட்டுகிற பழைய டிக்கெட்டுகளைப் புரட்டியபோது அந்தக் கட்டின் நம்பர் கண்ணில் பட்டது. அது அவள் தைத்த கட்டே இல்லை. டிக்கெட்டைத் திரும்பக் கட்டுக்குள் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அவளை மறுபடி மெஷினுக்கு மாற்ற ஐந்து மாதம் ஆயிற்று, அதுவும் ஆள் பற்றாக்குறையால் தானாக நடந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

அதை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறாம் லேன் பையன் தன் அட்டையில் ஓட்டையை எண்ணிக்கொண்டு உதட்டைக் கடித்தானே, அந்த முகத்தை நான் ஏற்கனவே ஒரு முறை பார்த்திருக்கிறேன். எங்கே என்று அப்போது பிடிபடவில்லை. போட்டி முடிந்து மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, பாகாயம் தாண்டுவதற்குள் பிடிபட்டுவிட்டது.

திங்கட்கிழமை அவளைத் தேடினேன். இப்போது மூன்றாம் லைனில் இருக்கிறாள், நல்ல கை என்று பேர். உள்ளே பேச நேரம் கிடைக்கவில்லை, அது சாக்காகவும் இருக்கலாம். செவ்வாய், புதன் போனது. வியாழக்கிழமை சாயந்திரம் வேலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் அணைக்கட்டு பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் போட்டியில் நடந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்து அட்டையில் சுட்டது, ஆபீசர் கேட்டது, அட்டையைக் கவிழ்த்தது. அதை முதன்முதலில் சொன்னது அவளிடம்தான். பிறகு, "அன்னிக்கு அந்தப் பதினோரு பீஸு. அது நீ தச்சது இல்லன்னு எனக்கு மூணாம் நாளே தெரியும்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு தச்சதுன்னும் தெரியும்" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சுக்கோ என்றேன். அதற்கு அவள் பதில் எதுவும் சொல்லவில்லை, டிபன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஐந்து மாத மெஷின் சம்பளத்துக்கும் மேசைச் சம்பளத்துக்கும் இருக்கிற வித்தியாசம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை எப்படிக் கொடுப்பது, கொடுத்தால் வாங்குவாளா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"எவ்ளோ மார்க்குக்கா எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நானூறுக்கு எரநூத்தி எழுபத்தெட்டு."

"அந்த ஒண்ணு உங்க அட்டையிலயே பட்டிருந்தா?"

"தெரியலடி. அதுல எது என்னுதுன்னே தெரியாதே."

அணைக்கட்டு பஸ் வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நாளிக்கு வரேங்க்கா" என்றாள்.